முதலிடத்தில் இருக்கும்போதே மூடப்பட்ட அணி: ஆர்லாண்டோ அப்போலோஸ், 2019

2019 ஏப்ரல் 2, செவ்வாய்க்கிழமை. ஃபுளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோ அப்போலோஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து (பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடுவது) அணி அன்றைக்கு எட்டு ஆட்டங்களில் ஏழில் ஜெயித்து லீக்கின் முதலிடத்தில் இருந்தது. பிளே-ஆஃப் இடம் உறுதியாகிவிட்டது. லீக் சுற்றில் இன்னும் இரண்டே ஆட்டம் பாக்கி. அன்று பிற்பகல் லீக் நிர்வாகம் எல்லாவற்றையும் நிறுத்திவைப்பதாக முடிவெடுத்தது. அப்போலோஸ் அதற்குப் பிறகு ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. முதல் ஆட்டத்துக்கும் கடைசி ஆட்டத்துக்கும் நடுவே ஏழு வாரம். அணியின் முழு வரலாறும் அவ்வளவுதான்.

அமெரிக்காவில் புது கால்பந்து லீக் ஒன்று முளைத்து, ஒரு பருவத்திலோ இரண்டு பருவத்திலோ மூடப்படுவது அடிக்கடி நடப்பதுதான். அப்போதெல்லாம் ஒரே விளக்கம்தான் வரும்: வசந்த காலத்தில் கால்பந்து பார்க்க ஆள் கிடையாது. அப்போலோஸ் கதையைப் பார்த்த பிறகு இந்த விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஆட்டம் நன்றாக இருந்தது, பயிற்சியாளர் சரியான ஆள், ஊரும் வந்து பார்த்தது. ஆனால் அணியின் உயிர் அணியின் கையில் இல்லை. ஒரே நிறுவனம் எட்டு அணிகளையும் வைத்திருந்தது. அந்த நிறுவனம் கையில் பணம் சேரும் முன்பே களத்தில் இறங்கியது. அணி செத்ததற்கு இந்த இரண்டும்தான் காரணம் என்று நினைக்கிறேன். அதை விரிவாகப் பார்ப்போம்.

லீக் பிறந்த விதம்

அந்த லீக்கின் பெயர் அலையன்ஸ் ஆஃப் அமெரிக்கன் ஃபுட்பால், சுருக்கமாக ஏ.ஏ.எஃப். தொலைக்காட்சித் தயாரிப்பாளர் சார்லி எபர்சால், என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்தின் முதன்மை லீக்) அணிகளை வருடக்கணக்கில் நிர்வகித்த பில் போலியன் இருவரும் சேர்ந்து தொடங்கியது. 2018 மார்ச் 20 அன்று அறிவித்தார்கள். 2019 பிப்ரவரி 9 அன்று, என்.எஃப்.எல். இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் முடிந்து ஆறே நாளில், முதல் ஆட்டம். அறிவிப்புக்கும் ஆட்டத்துக்கும் இடையே பதினோரு மாதம்கூட முழுதாக இல்லை.

இந்த அவசரத்துக்குப் பின்னால் ஒரு குடும்பக் கதை உண்டு. 2001-ல் மல்யுத்த முதலாளி வின்ஸ் மக்மேனும் என்.பி.சி. தொலைக்காட்சியின் டிக் எபர்சாலும் சேர்ந்து எக்ஸ்.எஃப்.எல். என்ற லீக்கை நடத்தினார்கள். ஒரே பருவத்தில் மூடப்பட்டது. டிக்கின் மகன்தான் சார்லி. அந்தத் தோல்வியைப் பற்றி ஓர் ஆவணப்படமே எடுத்தவர். 2018 ஜனவரியில் மக்மேன் அதே எக்ஸ்.எஃப்.எல்.லை 2020-ல் மறுபடி கொண்டுவருவதாக அறிவித்தார். தயாராக இரண்டு வருடம் எடுத்துக்கொண்டார். சார்லி அவருக்கு ஒரு வருடம் முந்திக்கொள்ள முடிவு செய்தார். முந்தினார், சரி. ஆனால் அந்த ஒரு வருடத்தில் முதலீட்டாளர்களைத் தேடி, அவர்களுடைய பணம் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்த்து, காப்பீடு, மைதானம், ஒளிபரப்பு எல்லாவற்றையும் ஒழுங்காக முடித்திருக்கலாம். இதில் ஒன்றிரண்டு அரைகுறையாக நின்றதன் விலையைத்தான் பிறகு வீரர்கள் கொடுத்தார்கள்.

மொத்தம் எட்டு அணிகள். கிழக்கில் ஆர்லாண்டோ, அட்லாண்டா, பர்மிங்ஹாம், மெம்ஃபிஸ். மேற்கில் சான் அன்டோனியோ, அரிசோனா, சால்ட் லேக், சான் டியேகோ. ஐ.பி.எல். பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த ஏற்பாடு கொஞ்சம் விசித்திரமாகத் தெரியும்: எந்த அணிக்கும் தனி உரிமையாளர் இல்லை. எட்டும் லீக்கின் சொத்து. வீரர்கள் ஒப்பந்தம் போட்டதும் லீக்கோடுதான். எல்லாருக்கும் ஒரே மாதிரி ஒப்பந்தம்: மூன்று வருடத்துக்கு இரண்டரை லட்சம் டாலர், முதல் வருடம் 70 ஆயிரம், அடுத்து 80 ஆயிரம், அப்புறம் ஒரு லட்சம். இதில் எதுவும் உத்தரவாதமான பணம் இல்லை. இப்படி வைத்தால் செலவு கட்டுக்குள் இருக்கும். ஒரு பணக்கார முதலாளி நட்சத்திரங்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போகவும் முடியாது. 1980-களில் யு.எஸ்.எஃப்.எல். என்ற லீக் அப்படித்தான் கடனில் விழுந்தது. அந்தப் பாடத்தைப் படித்துவிட்டுத்தான் இந்த ஏற்பாட்டைச் செய்தார்கள். ஆனால் எட்டு அணிகளுக்கும் ஒரே பணப்பை என்றால், அந்தப் பை காலியாகும் நாளில் எட்டும் சேர்ந்துதான் சாகும்.

விதிகளிலும் சில மாற்றங்கள். ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் கிக்-ஆஃப் உதை கிடையாது. பந்தை எதிரணியின் முனைப்பகுதிக்குள் கொண்டுபோய் எடுக்கும் டச்டவுனுக்குப் பிறகு ஒரு புள்ளிக்கான உதை கிடையாது, எல்லாரும் இரண்டு புள்ளிக்குத்தான் முயல வேண்டும். மேலே அறையில் உட்கார்ந்து வெளிப்படையான தவறுகளைத் திருத்த ஒரு கூடுதல் நடுவர். விளம்பர இடைவேளைகள் குறைவு. ஆட்டம் சுறுசுறுப்பாகத்தான் இருந்தது. முதல் நாள் சி.பி.எஸ். ஒளிபரப்பை, அதே நேரத்தில் போன என்.பி.ஏ. கூடைப்பந்து ஆட்டத்தைவிட அதிகம் பேர் பார்த்தார்கள்.

ஸ்பரியரும் அவருடைய பையன்களும்

ஆர்லாண்டோவுக்கு அப்போலோஸ் பயிற்சியாளராக ஸ்டீவ் ஸ்பரியர் வந்தார். ஃபுளோரிடாவில் இந்தப் பெயருக்கு அறிமுகம் தேவையில்லை. 1966-ல் ஃபுளோரிடா பல்கலைக்கழக குவார்ட்டர்பேக்காக, அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் வீரராக, சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாங்கியவர்; முப்பது வருடம் கழித்து, 1996-ல், அதே பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சியாளராகத் தேசிய சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். 2019-ல் வயது 73. ஓய்வில் இருந்தவர், வைசர் தொப்பியை மாட்டிக்கொண்டு திரும்பவும் வந்து நின்றார். ஊர்க்காரர்களை மைதானத்துக்கு வரவழைக்க அந்தப் பெயரே போதுமானதாக இருந்தது.

குவார்ட்டர்பேக் காரெட் கில்பர்ட். கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாக எடுக்கும் என்.எஃப்.எல். தேர்வில், 2014-ல் ஆறாவது சுற்றில் எடுக்கப்பட்டவர். அதற்கப்புறம் அணி மாறி அணி மாறி, பெரும்பாலும் பயிற்சிப் பட்டியலிலேயே காலம் தள்ளினார். இப்படிப்பட்ட வீரர்களுக்காகத்தான் ஏ.ஏ.எஃப். உருவானது என்றே சொல்லலாம். திறமை உண்டு, ஆனால் ஆடிக் காட்ட மேடை இல்லை. என்.எஃப்.எல்.லில் மூன்றாவது குவார்ட்டர்பேக்குக்குப் பயிற்சியில்கூட அதிகம் பந்து கிடைக்காது. ஆடாதவன் எப்படித் தேறுவான்?

முதல் ஆட்டம் அட்லாண்டா லெஜண்ட்ஸுக்கு எதிராக. மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழக மைதானத்தில் சுமார் இருபதாயிரம் பேர். அன்றைக்கு ஸ்பரியர் போட்ட ஒரு ஆட்டத் திட்டம் இன்றைக்கும் பேசப்படுகிறது. டச்டவுன் எடுக்கும் முனைப்பகுதியான எண்ட் ஸோன் பக்கத்தில், பந்தை எறிய வேண்டிய கில்பர்ட் எறியவில்லை. பந்து கைமாறி ரிசீவர் ஜேலின் மார்ஷலிடம் போனது. எல்லாரும் மார்ஷலை நோக்கி ஓட, கில்பர்ட் சத்தமில்லாமல் எண்ட் ஸோனுக்குள் நழுவினார். பிடிக்க வேண்டியவர் எறிந்தார், எறிய வேண்டியவர் பிடித்தார், டச்டவுன். முந்தைய வருட சூப்பர் பவுலில் ஃபிலடெல்ஃபியா ஆடிய அதே தந்திரம்தான். 73 வயதுக்காரர் இதை ஒரு புது லீக்கின் முதல் ராத்திரியிலேயே எடுத்துவிட்டார் என்றால், வெறும் சம்பளத்துக்காக வந்த மனிதர் இல்லை என்று புரியும். ஆட்டம் 40-6.

அடுத்து சான் அன்டோனியோவுக்கு எதிராக 37-29. மெம்ஃபிஸ் 21-17. சால்ட் லேக் 20-11. பர்மிங்ஹாம் 31-14. ஆறாவது வாரம் அரிசோனாவிடம் 17-22 எனத் தோற்றது. அது ஒன்றுதான் தோல்வி. மறுபடி அட்லாண்டா, 36-6. மார்ச் 30 அன்று மெம்ஃபிஸில் 34-31. எட்டு ஆட்டத்தில் 236 புள்ளி எடுத்து 136 கொடுத்திருக்கிறது. கில்பர்ட் 2,152 யார்டு எறிந்தார், 13 டச்டவுன், எதிரணி கையில் போன எறிதல் (இன்டர்செப்ஷன்) 3 மட்டும். லீக்கில் அவரை நெருங்க ஆளில்லை. ரிசீவர்களில் முதலிடம் சார்ல்ஸ் ஜான்சனுக்கு, 687 யார்டு, அவரும் அப்போலோஸ்தான். பந்தை உதைப்பவரான கிக்கர் எலியட் ஃப்ரை, கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுக்கும் ஃபீல்ட் கோலைப் பதினாலு முறை முயன்று பதினாலையும் போட்டார்.

பந்தை ஏந்தி ஓடும் ரன்னிங் பேக் டி'எர்னஸ்ட் ஜான்சனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கல்லூரி முடிந்து எந்த என்.எஃப்.எல். அணியும் தக்கவைக்காத நிலையில், கீ வெஸ்ட் தீவில் மீன்பிடி படகில் வேலை பார்த்தவர். மாஹி-மாஹி மீன் பிடித்துக்கொண்டிருந்தவருக்கு இந்த லீக்கில் இடம் கிடைத்தது. அவரிடம் பிறகு வருகிறேன்.

பயிற்சிக்காக மாநிலம் தாண்டிய அணி

பிப்ரவரி கடைசியில் ஒரு விநோதமான செய்தி வந்தது. தொடர்ந்து ஜெயித்துக்கொண்டிருந்த அப்போலோஸ் இனி ஆர்லாண்டோவில் பயிற்சி செய்யாது. ஃபுளோரிடாவிலேயே செய்யாது. வடக்கே, ஜார்ஜியா எல்லையைத் தாண்டியவுடன் வரும் கிங்ஸ்லாண்ட் என்ற சின்ன ஊரில், கேம்டன் கவுண்டி உயர்நிலைப் பள்ளி மைதானத்தில்தான் பயிற்சி. வீரர்கள் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் ஓட்டலில் தங்குவார்கள். காலையில் பஸ் ஏறி மாநில எல்லையைத் தாண்டிப் போய்ப் பயிற்சி முடித்து, திரும்பவும் பஸ் ஏறி எல்லை தாண்டி வருவார்கள். ஆட்டத்துக்கு மட்டும் ஆர்லாண்டோ.

காரணம் காப்பீடு. அமெரிக்காவில் வேலையில் அடிபட்டால் சிகிச்சைச் செலவும் சம்பள இழப்பும் ஈடுகட்ட, மாநிலத்துக்கு மாநிலம் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் உண்டு. ஃபுளோரிடா சட்டம் தொழில்முறை விளையாட்டு வீரர்களை அதிலிருந்து வெளியே வைத்திருக்கிறது. குத்துச்சண்டை, கால்பந்து, கூடைப்பந்து, போலோ, ஜாய் அலாய் (சுவரில் பந்தெறியும் விளையாட்டு) என்று பெயர் சொல்லியே விலக்கியிருக்கிறார்கள். மயாமி, ஜாக்சன்வில், டாம்பா பே ஆகிய என்.எஃப்.எல். அணிகளும் இதே மாநிலத்தில்தான் இருக்கின்றன. அவர்களுக்கு இது சிக்கல் இல்லை, ஏனென்றால் வீரர் சங்கம் பேசி முடித்த ஒப்பந்தத்திலேயே அடிபட்டால் என்ன கிடைக்கும் என்பது இருக்கிறது. ஏ.ஏ.எஃப். வீரர்களுக்குச் சங்கமும் இல்லை, அப்படி ஒரு ஒப்பந்தமும் இல்லை. ஜார்ஜியா சட்டத்தில் அந்த விலக்கு இல்லை. வேலை நேரத்தில் பெரும்பகுதியை ஜார்ஜியாவில் கழித்தால் அந்த மாநிலத்துப் பாதுகாப்புக்குள் வந்துவிடலாம் என்பது கணக்கு. அதனால்தான் பஸ்.

இந்த லீக்கின் மொத்தக் கோளாறையும் இந்த ஓர் ஏற்பாட்டில் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. மனிதர்கள் ஒருவர் மேல் ஒருவர் முழு வேகத்தில் மோதும் விளையாட்டு இது. தோள் இறங்கும், முழங்கால் தசைநார் கிழியும், மண்டையில் அடிபடும். யாருக்காவது ஏதாவது ஆகாத வாரம் கிடையாது. அடிபட்டால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு, அணி அறிவிக்கப்படும் முன்பே பதில் இருந்திருக்க வேண்டும். பருவம் தொடங்கிய பிறகு தேடியிருக்கிறார்கள். பதில் கிடைத்ததும் அதன் பாரத்தை வீரர்களின் தலையில்தான் வைத்தார்கள்: சொந்த ஊர் மைதானத்தை விட்டு, ஓட்டல் அறையிலும் பஸ்ஸிலும் வாரத்தைக் கழிப்பது. இத்தனைக்கும் நடுவில் அந்த அணி ஜெயித்துக்கொண்டே இருந்தது என்பது ஸ்பரியருக்கும் வீரர்களுக்கும் பெரிய பெருமை.

பணம் எங்கே?

முதல் வாரம் முடிந்ததுமே சில வீரர்களுக்குச் சம்பளம் தாமதமானது. சம்பளப் பட்டுவாடா நிறுவனத்தை மாற்றியதால் வந்த கோளாறு என்று லீக் சொன்னது. லீக் தொடங்கிப் பத்து நாளில், பிப்ரவரி 19 அன்று, இன்னொரு அறிவிப்பு: கரோலைனா ஹரிகேன்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் உரிமையாளர் டாம் டண்டன் 25 கோடி டாலர் போடச் சம்மதித்து, லீக்கின் தலைவராகிறார். மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல செய்தி. ஆனால் இரண்டே வாரம் ஆடியிருந்த ஒரு லீக்குக்கு அத்தனை அவசரமாக ஒரு புதுத் தலைவர் ஏன் தேவைப்பட்டார்?

அதற்குப் பதில் ரெஜி ஃபவுலர் என்ற முதலீட்டாளரிடம் இருக்கிறது. லீக்கின் ஆரம்பப் பணத்தில் பெரிய பங்கு இவரிடமிருந்து வருவதாக இருந்தது. 2005-ல் மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணியை வாங்கப் போய், முழுப் பணத்தையும் காட்ட முடியாமல் சிறுபான்மைப் பங்குதாரராக மட்டும் நின்றவர். அந்த ஒரு பழைய செய்தியே ஏ.ஏ.எஃப். நிர்வாகத்தை எச்சரித்திருக்க வேண்டும். 2018 கடைசியில் அரசு விசாரணையில் அவருடைய கணக்குகள் முடக்கப்பட்டன. வர வேண்டிய பணம் நின்றது. லீக் மூடிய அதே மாதம், ஏப்ரல் 30 அன்று, அவர் கைது செய்யப்பட்டார். கிரிப்டோ பரிமாற்ற நிறுவனங்களுக்காக உரிமம் இல்லாமல் கோடிக்கணக்கில் பணம் கைமாற்றியது, வங்கி மோசடி ஆகியவை குற்றச்சாட்டுகள். தன் சொத்தைப் பற்றிப் பொய் சொல்லி ஏ.ஏ.எஃப்.பை ஏமாற்றியதும் பிறகு சேர்ந்தது. 2022-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2023 ஜூனில் 75 மாதச் சிறை. லீக்குக்கு 5.3 கோடி டாலர் இழப்பீடு கொடுக்கவும் நீதிமன்றம் உத்தரவிட்டது.

டண்டனிடம் வருவோம். 25 கோடி மொத்தமாக வங்கியில் வந்து விழவில்லை. தேவைப்படும்போது தேவைப்படும் அளவு கொடுத்தார். மொத்தம் சுமார் 7 கோடி டாலர் போனது. அவருடைய திட்டமும் வேறு. என்.எஃப்.எல். அணிகளின் கடைசிப் பட்டியலில் உள்ள இளம் வீரர்கள் இங்கே வந்து ஆட வேண்டும், ஏ.ஏ.எஃப். ஒரு அதிகாரபூர்வ வளர்ப்பு லீக்காக மாற வேண்டும் என்பது. அதற்கு என்.எஃப்.எல். வீரர் சங்கத்தின் சம்மதம் வேண்டும். மார்ச் கடைசி வாரத்தில் அவர் வெளிப்படையாகவே பேட்டி கொடுத்தார்: சங்கம் ஒத்துழைக்காவிட்டால் லீக்கை நிறுத்தும் யோசனையும் உண்டு.

இந்த இடத்தில் சங்கத்தின் மேல் எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை. அவர்கள் வருடக்கணக்கில் பேரம் பேசி, பருவம் முடிந்த பின் வீரர்களுக்கு ஓய்வு வாங்கிக் கொடுத்தவர்கள். ஒரு இளைஞன் வசந்த காலத்தில் இங்கே வந்து முழங்காலை உடைத்துக்கொண்டால் அவனுடைய என்.எஃப்.எல். வேலை என்னாவது? அப்போலோஸ் பஸ்ஸில் எல்லை தாண்டியதே அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாததால்தான். அதே லீக் சில வாரங்களில் வந்து, உங்கள் பையன்களையும் கொடுங்கள் என்றால் எந்தச் சங்கம் கொடுக்கும்?

ஒளிபரப்பிலும் பெரிய வருமானம் இல்லை. சி.பி.எஸ்., டி.என்.டி., என்.எஃப்.எல். நெட்வொர்க் எல்லாவற்றிலும் ஆட்டங்கள் வந்தன. ஆனால் உரிமத் தொகையாக லீக்கைத் தாங்கும் அளவுக்கு யாரும் பணம் தரவில்லை. பார்வையாளர் இருப்பது வேறு, அந்தப் பார்வை பணமாக வருவது வேறு. இரண்டுக்கும் நடுவில் சில வருடங்கள் கையிலிருந்து செலவழிக்க வேண்டும். அந்தச் சில வருடப் பணம்தான் இவர்களிடம் இல்லாதது.

மூடிய நாளும் அதன் பிறகும்

ஏப்ரல் 2 முடிவு டண்டன் எடுத்தது. போலியன் தன் ஏமாற்றத்தை வெளிப்படையாகவே அறிக்கையில் சொன்னார். பல வீரர்களுக்கு விஷயம் நிர்வாகத்திடமிருந்து வரும் முன் செய்தியாக ஃபோனில் வந்து சேர்ந்தது. மெம்ஃபிஸில் சில வீரர்கள் ஓட்டலுக்குத் திரும்பியபோது அவர்களுடைய சாமான்கள் வரவேற்பறையில் இருந்தன. ஊருக்குப் போக விமான டிக்கெட்டைச் சொந்தக் காசில் வாங்க வேண்டியிருந்தது. அடிபட்டு சிகிச்சையில் இருந்தவர்களுக்கு மருத்துவச் செலவு என்ன ஆகும் என்ற கவலை வேறு. 7-1 (ஏழு வெற்றி, ஒரு தோல்வி) அணிக்கும் 2-6 அணிக்கும் அன்றைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 4 அன்று, வீரர்கள் என்.எஃப்.எல். அணிகளோடு ஒப்பந்தம் போடலாம் என்று விடுவித்தார்கள். ஏப்ரல் 10 அன்று அப்போலோஸ் லைன்பேக்கர் ரெஜி நார்த்ரப்பும் இன்னொரு வீரரும் எல்லா வீரர்களின் சார்பில் லீக், டண்டன், எபர்சால் மேல் வழக்குப் போட்டார்கள். ஏப்ரல் 17 அன்று டெக்ஸஸில் லீக் திவால் மனு கொடுத்தது. சீரமைத்து மீண்டு வரும் வகை மனு இல்லை, மொத்தமாகக் கலைத்து விற்கும் வகை. சொத்து சுமார் 1.1 கோடி டாலர், கடன் சுமார் 4.8 கோடி. வங்கியில் ரொக்கமாக ஐந்தரை லட்சம் டாலருக்கும் கொஞ்சம் குறைவு. ஒரு வீரரின் மூன்று வருட ஒப்பந்தம் இரண்டரை லட்சம் என்று பார்த்தோம். லீக்கின் கையில் கடைசியாக இருந்தது இரண்டு வீரர்களுக்கான பணம்.

தாங்கள்தான் சாம்பியன் என்று ஸ்பரியர் சொல்லிவிட்டார். 7-1 என்ற கணக்கு வேறு யாரிடமும் இல்லை, இறுதி ஆட்டம் நடக்காதது எங்கள் தவறா என்பது அவருடைய வாதம். எனக்கு அதில் முழு உடன்பாடு.

ஸ்பரியருக்கு இது முதல் தடவையும் இல்லை. 1983-ல், 37 வயதில், யு.எஸ்.எஃப்.எல். லீக்கின் டாம்பா பே பேண்டிட்ஸ் அணிக்குப் பயிற்சியாளராகத்தான் அவர் தலைமைப் பொறுப்புக்கே வந்தார். அந்த அணிக்குத் தனி உரிமையாளர் இருந்தார், ஜான் பாஸெட். சராசரியாக ஓர் ஆட்டத்துக்குச் சுமார் நாற்பதாயிரம் பேரும் அதற்கு மேலும் வந்தார்கள். ஆனால் வசந்த காலத்தை விட்டு, என்.எஃப்.எல்.லோடு நேருக்கு நேர் மோத இலையுதிர் காலத்துக்குப் போவதென்று லீக் முடிவெடுத்தது. பாஸெட் கடுமையாக எதிர்த்தார். அதற்குள் புற்றுநோய் அவரை 1986-ல் கொண்டுபோய்விட்டது. அதே வருடம் யு.எஸ்.எஃப்.எல். தொடுத்த ஏகபோக வழக்கில் நீதிமன்றம் என்.எஃப்.எல். தவறு செய்தது என்று சொல்லி, ஒரு டாலர் நஷ்டஈடு கொடுத்தது. சட்டப்படி மும்மடங்காகி மூன்று டாலர். லீக் மூடப்பட்டது, பேண்டிட்ஸும் கூடவே.

அதனால் தனி உரிமையாளர் இருந்திருந்தால் அப்போலோஸ் பிழைத்திருக்கும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். எதிராளி இல்லாமல் ஒற்றை அணி ஆட முடியாது. ஆனால் பாஸெட் மாதிரி ஒருவர் இருந்தால், லீக் கூட்டத்தில் எழுந்து நின்று எதிர்ப்பதற்காவது ஆள் இருந்திருக்கும். ஆர்லாண்டோவுக்காக அந்த மேசையில் பேச ஒருவரும் இல்லை. ஃபுளோரிடா காப்பீட்டுச் சட்டத்தை முதல் மாதத்திலேயே கண்டுபிடித்திருக்கக்கூடிய உள்ளூர் முதலாளியும் இல்லை. மீதி இரண்டு ஆட்டங்களையும் பிளே-ஆஃப்பையும் முடிக்க எவ்வளவு தேவை, நான் என் பங்கைத் தருகிறேன் என்று கேட்கக்கூடிய ஒரு குரலும் இல்லை.

இந்த ஊருக்கு இது எத்தனையாவது தடவை

ஆர்லாண்டோவின் கணக்கைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. 1992-ல் வேர்ல்ட் லீக்கின் ஆர்லாண்டோ தண்டர் அணி பத்தில் எட்டு ஜெயித்து இறுதி ஆட்டத்துக்குப் போனது. அந்த வருடத்தோடு அமெரிக்காவில் லீக் நின்றது. 2001 எக்ஸ்.எஃப்.எல்.லில் ஆர்லாண்டோ ரேஜ் 8-2, லீக்கிலேயே சிறந்த கணக்கு. அதே வருடம் லீக் மூடியது. 2009-ல் இன்னொரு லீக்கில் இந்த ஊர் அணியான ஃபுளோரிடா டஸ்கர்ஸ் ஆறுக்கு ஆறு ஜெயித்து, இறுதி ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் தோற்றது. அந்த லீக்கும் சில வருடத்தில் காணாமல் போனது. அப்புறம் அப்போலோஸ், 7-1. நல்ல அணியாக இருந்தும் நிலைக்காத அனுபவம் இந்த ஊருக்கு நான்கு தடவை. இதற்கு மேலும் இங்கே பார்க்க ஆள் வரவில்லை என்று சொல்வது ஆர்லாண்டோ ரசிகர்களுக்குச் செய்யும் அநியாயம்.

வீரர்களைப் பொறுத்தவரை அந்த எட்டு ஆட்டம் வீண் போகவில்லை. கிக்கர் ஃப்ரையைச் சில நாட்களிலேயே சிகாகோ பேர்ஸ் எடுத்தது. கில்பர்ட் 2020 நவம்பரில் டாலஸ் கவ்பாய்ஸ் அணிக்காகத் தொடக்க குவார்ட்டர்பேக்காக இறங்கினார். அதுவரை தோல்வியே காணாத பிட்ஸ்பர்க்குக்கு எதிராக 19-24 வரை இழுத்துச் சென்றார். டி'எர்னஸ்ட் ஜான்சன் கிளீவ்லாண்ட் பிரவுன்ஸில் சேர்ந்தார். 2021 அக்டோபர் 21 அன்று, மற்ற ரன்னிங் பேக்குகள் அடிபட்டு உட்கார்ந்திருந்த வியாழக்கிழமை இரவு, டென்வருக்கு எதிராக அவருடைய முதல் தொடக்க ஆட்டம். 146 யார்டு ஓடினார். பிரவுன்ஸ் ஜெயித்தது. கீ வெஸ்ட் படகிலிருந்து அந்த இரவுக்கு வந்த பாதை அப்போலோஸ் வழியாகத்தான் வந்தது. அந்தப் பாதையை அடைத்தது ஆட்டக்காரர்களோ ரசிகர்களோ இல்லை.

ஆர்லாண்டோவில் அதற்குப் பிறகும் முயற்சி நிற்கவில்லை. 2023-ல் மறுபிறவி எடுத்த எக்ஸ்.எஃப்.எல்.லில் ஆர்லாண்டோ கார்டியன்ஸ் ஆடியது. பத்தில் ஒன்றுதான் ஜெயித்தது, ஒரே பருவத்தோடு முடிந்தது. 2026 பருவத்துக்கு யு.எஃப்.எல். லீக் ஆர்லாண்டோ ஸ்டார்ம் என்ற அணியை அறிவித்தது. இந்த லீக்கிலும் எட்டு அணிகள், எட்டும் லீக்கின் சொத்து. ஸ்டார்ம் அணிக்கும் தனி உரிமையாளர் கிடையாது.